சாமி மலையேறிய மறுநாள் காலை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவன்று உடுக்கைச் சத்தம் எழும்பியதும் என் அம்மாச்சிக்குச் சாமி வந்துவிடும். இடுப்பு வலி என்று லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்தே இருப்பவர், அந்த நேரத்தில் முடியை அவிழ்த்துவிட்டு எழுந்து ஆடுவார். கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "யாரு சம்பளத்துல கைய வச்ச?" என்று கேட்பார். ஆம்பிளைகள் எல்லாம் கைகட்டி நிற்பார்கள். அப்புறம் சாமி மலையேறும். மறுநாள் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அதே கிராணி பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். "ராத்திரி என்ன அம்மாச்சி பேசினீங்க?" என்று கேட்டால், "சாமி பேசுச்சு, எனக்கு என்னா தெரியும்" என்பார்.

கடந்த மூன்று வருஷமாகப் பெண்கள் நாயகிகளாக வரும் ஆங்கில ஃபேண்டஸி (மாய உலகக் கதை) நாவல்களாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் தேடுவது அந்த மறுநாள் காலையைத்தான். சக்தி வந்த ராத்திரியை எல்லாரும் நன்றாக எழுதுகிறார்கள். வெளிச்சம், காற்று, எதிரி சாம்பலாவது எல்லாம் இருக்கும். விடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே போகிறாள், யாருக்குச் சோறு போடுகிறாள், யாரிடம் பதில் சொல்கிறாள் என்பதை எழுதுகிறவர்கள் சில பேர்தான். அந்தச் சில பேரைப் பற்றியும், அப்படி எழுதாமல் விட்டவர்களைப் பற்றியும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

எனக்கு வயது 46. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, வீடு இக்கரையில் பட்டர்வொர்த்தில். விடியற்காலை 5.40க்குக் கம்பெனி பஸ் வரும். பினாங்குப் பாலம் தாண்டி உள்ளே போய்ச் சேர முக்கால் மணி நேரம், நெரிசல் என்றால் இன்னும் கூட. பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள். நான் மட்டும் தலைக்கு மேல் இருக்கும் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். முதல் புத்தகத்துக்கு மூன்று மாதம் ஆனது. பக்கத்துக்குப் பத்துச் சொல் கைத்தொலைபேசி அகராதியில் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அகராதி தேவைப்படுவதில்லை.

அந்த முதல் புத்தகம் ஸென் சோ எழுதிய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்'. 2021இல் வந்தது. தொழிற்சாலையில் எங்கள் லைனில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும், ஹொக்கியன் என்கிற சீன மொழி பேசும் அக்கா, "நம்ம பினாங்குக் கதை, நீ படி" என்று கையில் திணித்தார். எழுத்தாளர் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர், இப்போது பிரிட்டனில் இருக்கிறார்.

கதை இதுதான். ஜெஸ் என்கிற பெண் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா போனவள். ஹார்வர்டில் படித்தவள். அப்பாவுக்குப் புற்றுநோய் வந்து, வேலையும் போய், குடும்பமே பினாங்குக்குத் திரும்பி அத்தை வீட்டில் ஒண்டுகிறது. அவள் மனசு முழுக்க ஷரண்யா என்கிற பெண்மேல். அது வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த நேரத்தில் அவள் தலைக்குள் ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது. செத்துப்போன அம்மாவழிப் பாட்டி, ஆ மா. அந்தப் பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு பெண் தெய்வத்துக்குச் சாமியாடியவள். பெரிய பணக்காரர் ஒருவர் அந்தத் தெய்வத்தின் சின்னக் கோயில் இருக்கும் இடத்தில் கட்டடம் எழுப்பப் பார்க்கிறார். பாட்டிக்கு அவர்மேல் தீராத கணக்கு. அதைத் தீர்க்கப் பேத்தியின் உடம்பு வேண்டும்.

பேய் வந்து பேத்தியிடம் முதலில் கேட்கும் கேள்வியே, நீ பெண்களை விரும்புகிறவள் என்பது உன் அம்மாவுக்குத் தெரியுமா என்பதுதான். முதல் பக்கத்திலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர்க் கிழவிகள் அப்படித்தான். செத்த பிறகும் நேராக வீட்டு விஷயத்துக்குத்தான் வருவார்கள். ஆ மா பேசுவது ஹொக்கியன், ஜெஸ்ஸுக்கு அந்த மொழி அரைகுறை. அதனால் தன் உடம்புக்குள் இருப்பவள் சொல்வதே அவளுக்குப் பாதிதான் புரிகிறது. தமிழ்ப்பள்ளியில் படிக்காத என் அக்கா பிள்ளைகள் அம்மாச்சியின் சாவு வீட்டில் ஒப்பாரி புரியாமல் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்தை வாசித்த அன்று பஸ் நின்றும் இறங்காமல் இருந்தேன். டிரைவர் அண்ணன்தான் கூப்பிட்டு இறக்கினார்.

சாமி வருவதை இந்த நாவல் எப்படிக் காட்டுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கத்திய நாவல்களில் ஒரு பெண்ணுக்குள் வேறு சக்தி புகுந்தால் ஒன்று அது வியாதி, இல்லாவிட்டால் வரம். இங்கே அது உறவு. ஆ மா பேத்தியின் உடம்பை எடுத்துக்கொண்டு தன் காரியத்தைப் பார்க்கிறாள், பேத்தி எழுந்து அதற்குப் பழி சுமக்கிறாள். கோபப்படுகிறாள், சண்டை போடுகிறாள், ஆனாலும் அவளைத் தூக்கி எறிய முடியவில்லை, பாட்டியாயிற்றே. அந்தத் தெய்வமும் வானத்திலிருந்து குதித்ததில்லை. அநியாயமாக உயிர் போன ஒரு பெண். அப்படிப் போனவளுக்குக் கல் நட்டு, மஞ்சள் பூசி, வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் வைத்து, அவள் கோபம் நம் பிள்ளைகள்மேல் திரும்பாமல் பார்த்துக்கொள்வது நம் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். கன்னித் தெய்வம் இருக்கும் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இந்த நாவலில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கோயில் விஷயமும் அப்படியே. எங்கள் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, மாரியம்மன் கோயிலை எங்கே வைப்பது என்று நான்கு வருஷம் பேசினார்கள். கடைசியில் பெரிய ரோட்டோரம், சாக்கடைக்குப் பக்கத்தில், மூன்று கார் நிறுத்தும் அளவுக்கு ஓர் இடம் கிடைத்தது. பழைய கோயிலை இடித்த அன்று அம்மாச்சிக்குச் சாமி வரவில்லை. எல்லாரும் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஸென் சோ எழுதியிருப்பது சீனக் கோயிலைப் பற்றி. ஆனாலும் இடம் யாருக்குச் சொந்தம், சாமி யாருக்குச் சொந்தம் என்று அந்த நாவலில் வரும் பேச்சுகள் ஒவ்வொன்றும் எங்கள் லயத்துத் திண்ணையில் கேட்ட பேச்சுகள்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் அடியாட்கள், துரத்தல் என்று போகும் பக்கங்கள் எனக்கு நீளமாகப்பட்டன. ஷரண்யா பெரும்பாலும் தொலைபேசிக் குரலாகவே இருப்பது எனக்கு வருத்தம்தான். இவ்வளவு நன்றாக மனுஷர்களை எழுதத் தெரிந்தவர், அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து பினாங்கு வீதியில் நடக்கவிட்டிருந்தால், குவீன் வீதி மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு முறை நிற்கவிட்டிருந்தால் என்று ஏங்கினேன். இருந்தும் இந்த வரிசையில் என் முதல் இடம் இதற்குத்தான். ஜெஸ்ஸுக்கு ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு மறுநாள் காலை உண்டு. அம்மா சமைத்து வைத்திருப்பார், அத்தை கேள்வி கேட்பார், வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். பேய் பிடித்தவளுக்கும் அதிலிருந்து விடுதலை இல்லை.

இரண்டாவது இடம் ஷானன் சக்ரபர்த்தியின் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் அமினா அல்-சிராஃபி'க்கு. 2023இல் வந்தது. 12ஆம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடல். அமினா ஒரு காலத்தில் பேர் போன கடற்கொள்ளைக்காரி, கப்பல் தலைவி. இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அம்மாவோடும் மகள் மர்ஜானாவோடும் ஒளிந்து வாழ்கிறாள். முழங்கால் வலி இருக்கிறது. தொழுகை விட்டுப்போகக் கூடாது என்று பாடுபடுகிறாள். பழைய கூட்டாளி ஒருவனின் தாய் வந்து, காணாமல் போன என் பேத்தியைத் தேடிக் கொடு, பணம் தருகிறேன் என்கிறாள். அந்தப் பேச்சில் மிரட்டலும் கலந்திருக்கிறது. அமினா மறுபடியும் கப்பல் ஏறுகிறாள்.

பதினெட்டு வயசு நாயகிகளையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போன எனக்கு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏறும் ஒரு நாயகியைப் பார்த்தது எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்த முழங்கால் எனக்கும் இருக்கிறது. மகளை விட்டுவிட்டுப் போகும் காட்சியில் அவள் அழவில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் போகத்தான் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், அந்தக் கணக்கிலேயே ஓர் ஆசையும் ஒளிந்திருப்பது அவளுக்கும் தெரியும். கடலில் இறங்கியதும் அவளுக்கு மூச்சு விரிகிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தன் வேலைமேல் ஆசை இருக்கலாம், அதற்காகப் பிள்ளைமேல் பாசம் குறைந்ததாக ஆகாது என்பதை இவ்வளவு நேராக எழுதி நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

கப்பல் என்றாலே எங்கள் வீட்டில் ரஜூலா கப்பல்தான். தாத்தா நாகப்பட்டினத்தில் அதில் ஏறித்தான் பினாங்கில் வந்து இறங்கினார். அந்தக் கடலின் மறு கரையிலிருந்து, ஏடன் துறைமுகத்திலிருந்து, சோகோத்ரா தீவிலிருந்து ஒரு கதை கிடைத்தது எனக்குப் பெரிய விஷயம். சண்டைக் காட்சிகள் விறுவிறுப்பு. கதையை ஓர் எழுத்தர் கேட்டு எழுதுவதுபோல அமைத்திருப்பதால் அமினாவின் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

தாஷா சூரி எழுதிய 'தி ஜாஸ்மின் துரோன்' 2021இல் வந்து, அடுத்த வருஷம் உலக ஃபேண்டஸி விருது வாங்கியது. மூன்று பாக வரிசையில் முதலாவது. மற்ற இரண்டும் 2022இலும் 2024இலும் வந்துவிட்டன. தீக்குளிக்க மறுத்ததற்காக அண்ணனான சக்கரவர்த்தியால் சிறை வைக்கப்பட்ட இளவரசி மாலினி. அவள் அடைக்கப்பட்ட பாழடைந்த கோயிலுக்கு வேலைக்காரியாக வரும் பிரியா. மனுஷர் உடம்பில் செடி முளைக்கிற ஒரு கொள்ளை நோய். பிரியா என்கிற பெயரைப் பார்த்ததுமே நான் வாங்கிவிட்டேன். எங்கள் லைனில் மட்டும் மூன்று பிரியா இருக்கிறார்கள்.

எல்லாரும் பிரியாவையும் மாலினியையும் பற்றியே பேசுவார்கள், அவர்களுக்கு நடுவில் வளரும் காதலைப் பற்றிப் பேசுவார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனசில் நின்றவள் பூமிகா. ஆளுநரின் மனைவி, நிறை வயிற்றோடு இருக்கிறாள். தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு, ஊரைப் பிடித்து வைத்திருப்பவனின் வீட்டுக்குள்ளேயே இருந்து தன் ஆட்களைக் காப்பாற்றுகிறாள். வாளைத் தூக்கினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிந்தும் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு விருந்தாளிகளை விசாரிக்கிறாள். இப்படிப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கங்காணி வீட்டு அம்மா ஒருவர், புருஷனுக்குத் தெரியாமல், வேலை நிறுத்தம் செய்த குடும்பங்களுக்கு அரிசி அனுப்பியதை என் அம்மா இன்றைக்கும் சொல்வார். நோய் கண்ட ருக் என்கிற பையனைப் பிரியா தன்னோடு வைத்துக்கொள்ளும் பக்கங்களும் அருமை. குறை என்றால், ஆளுக்கொரு அத்தியாயம் என்று பார்வை மாறிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் விட்டு விட்டு வாசிப்பவர்களுக்குக் கஷ்டம். முதல் 150 பக்கம் பொறுமையாக இருங்கள்.

வைஷ்ணவி படேலின் 'கைகேயி' பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில் ராமர் பட்டாபிஷேகப் படம் இருக்கிறது, அம்மா தினமும் அதற்கு விளக்கு ஏற்றுகிறார். 2022இல் வந்த இந்த நாவலில் கைகேயிதான் கதை சொல்கிறாள். தாயை அப்பா நாடு கடத்திவிடுகிறார். இரட்டைச் சகோதரன் யுதாஜித்திடம் சண்டைப் பயிற்சி எடுக்கிறாள். மனுஷர்களுக்கு நடுவில் ஓடும் உறவு நூல்களைப் பார்க்கும் ஒரு வித்தை அவளுக்குக் கைகூடுகிறது. நூலை மெல்ல இழுத்தால் எதிரில் இருப்பவர் மனம் இளகும், அதிகம் இழுத்தால் அறுந்துவிடும். நல்ல கற்பனை. பாதிக் கதைக்கு மேல் அதுவே தொல்லையாகிவிடுகிறது. யார் முரண்டு பிடித்தாலும் ஒரு நூலை இழுத்துச் சரிசெய்துவிடுகிறாள். பேசி, அழுது, சண்டை போட்டு ஜெயிக்கும் கைகேயியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் மந்தரை! கம்பனில் அவள் கூனி, சின்ன வயசில் ராமன் வில்லால் மண்ணுருண்டை அடித்ததை மறக்காத கூனி. இங்கே தாயில்லாத பெண்ணுக்குத் தலை வாரி விடுகிற தாய். அவளைப் பற்றிய பக்கங்களை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம், "அந்தப் பிள்ளைக்கும் ஒருத்தி வேணுமில்ல" என்றார். ராமனைக் காட்டியிருக்கும் விதம் எனக்கு உடன்பாடில்லை. தெய்வங்கள் ஆட்டிவைக்கும் பிள்ளையாக, பெண்களை அடக்கி வைக்கப் பேசுகிறவனாக அவனைச் சுருக்கிவிட்டார். கைகேயியை உயர்த்த ராமனைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பக்தி உள்ளவர்கள் வாசிக்கலாமா என்றால், வாசிக்கலாம், கோபம் வரும் இடத்தில் மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

சூ லின் டானும் மலேசியாவில் பிறந்தவர். அவருடைய 'டாட்டர் ஆஃப் த மூன் காடஸ்' 2022இல் வந்தது. நிலவில் சிறை வைக்கப்பட்ட சீன நிலவுத் தெய்வம் சாங்'எயின் மகள் ஷிங்யின் அம்மாவை மீட்க வில் பயின்று போருக்குப் போகிறாள். மூன்கேக் பண்டிகைக்கு ஹொக்கியன் அக்கா கொண்டுவந்து தரும் பெட்டியில் சாங்'எ படத்தை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன், அவளுக்கு ஒரு மகள் என்ற எண்ணமே அழகு. வர்ணனைகளும் அழகு. அம்மா ஏக்கத்தில் ஆரம்பித்த கதை, இளவரசனா தளபதியா என்ற கேள்வியில் போய் உட்கார்ந்துவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிலவில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா அத்தனை வருஷம் என்ன செய்தாள்? நான் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு 12 வயது. அவளுக்காக வாங்கியது ஹன்னா அல்காஃப் எழுதிய 'தி கேர்ள் அண்ட் த கோஸ்ட்', 2020. இவரும் மலேசியர். சூரயா என்கிற சிறுமிக்குச் சூனியக்காரப் பாட்டியிடமிருந்து ஒரு பெலெசிட், அதாவது மலாய்க் கதைகளில் வரும் ஏவல் பேய், சொத்தாக வந்து சேர்கிறது. அவள் அதற்கு பிங்க் என்று பேர் வைக்கிறாள். தோழி ஒருத்தி வந்ததும் பிங்குக்குப் பொறாமை. சிறுவர் புத்தகம்தானே என்று நினைத்தேன். அன்பு காட்டுகிறேன் என்ற பேரில் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வதன் பயங்கரத்தைப் பெரியவர்களுக்கான எத்தனையோ நாவல்களைவிட இது நன்றாகச் சொல்கிறது. மகள் இரண்டே நாளில் முடித்துவிட்டு, ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். பயமா என்று கேட்டேன். "பயமில்லம்மா, பிங்க் பாவம்" என்றாள்.

வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுப் பிரதி 50 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டுகிறது, என் சம்பளத்தில் மாதம் ஒன்றுதான் முடியும். மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'தி ஜாஸ்மின் துரோன்' வாங்கினேன். எழுத்து மங்கிய, பக்கம் முன்பின்னாகக் கட்டிய கள்ளப் பிரதி வந்தது. புகார் செய்தும் பணம் திரும்பவில்லை. எழுத்தாளருக்கும் அதில் ஒரு காசு போகவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. பிறகு நல்ல பிரதி ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினேன். செபராங் ஜெயா நூலகத்தில் ஆங்கில அலமாரியைப் பாருங்கள், இல்லாததைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

ஹொக்கியன் அக்கா தந்த 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' பிரதியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது ராத்திரிகளில் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். அம்மாவுக்கு 71 வயது. கண் சரியில்லை, காது நன்றாகக் கேட்கும். ஆ மா வரும் இடமெல்லாம் அம்மாச்சியின் குரலில் சொல்கிறேன், அம்மாவே அதைத் திருத்துகிறார், "இப்படி இழுத்துப் பேச மாட்டாங்க, வெட்டிப் பேசுவாங்க" என்று. ஜெஸ்ஸின் காதலைப் பற்றிச் சொல்லும்போது என்ன சொல்வாரோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ள சாப்பிடுதா ஒழுங்கா?" என்று மட்டும் கேட்டார்.

போன வியாழக்கிழமை பாதிக் கதையைத் தாண்டினோம். புத்தகத்தை மூடி விளக்கை அணைத்துவிட்டேன். இருட்டில் அம்மா கேட்டார்: "ஏன்மா, அந்தக் கோயிலுக்குக் கடைசில நல்ல எடம் குடுத்தாங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன்.